எஸ்எஸ்டி எதையும் இயக்கவில்லை

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். புதுக் கணினி வாங்கியிருக்கிறான். உள்ளே 256 ஜிபி எஸ்எஸ்டி (சாலிட் ஸ்டேட் டிரைவ்) ஒன்று, 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று. இரண்டும் கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடங்கள். எந்தக் கோப்பை எதில் வைப்பது என்று தமிழில் இருந்த ஒரு வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினான்: "கோப்புகளைத் திட நிலை இயக்கிக்கும் கடின இயக்கிக்கும் இடையே பிரிக்கவும்." வாசித்துவிட்டு, "இயக்கியெல்லாம் நேற்றே அப்டேட் பண்ணிட்டேனே மாமா, அதுக்குள்ள எப்படிக் கோப்பை வைக்கிறது?" என்றான்.

அவன் மேல் ஒரு தவறும் இல்லை. அச்சுப்பொறி வாங்கினால் கூடவே நிறுவுகிறோமே, அந்த டிரைவர் மென்பொருளுக்குத்தான் தமிழில் இயக்கி என்று பெயர். அதே சொல்லை டிரைவுக்கும் வைத்து, எஸ்எஸ்டியைத் 'திட நிலை இயக்கி' என்றும் ஹார்டு டிஸ்க்கைக் 'கடின இயக்கி' என்றும் எழுதினால் படிப்பவன் என்ன செய்வான்? இதைத் தவிர்க்கத்தான் சிலர் டிரைவை 'இயக்ககம்' என்று எழுதுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வித்தியாசம் கடைசி எழுத்துகளில் தொங்குகிறது. வேகமாகப் படிக்கிற கண்ணுக்கு அது போதாது.

'திட நிலை இயக்கி'யை நான் பார்ப்பது இது முதல் முறையல்ல. ஆனால் ஒருவன் அதை நம்பி வேலை செய்யப்போய் நடுவில் நின்றதை இப்போதுதான் கேட்டேன்.

சொல் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் 'ஹார்டு' கடினத்தைக் குறிப்பதல்ல, வளையாத தன்மையைக் குறிப்பது. 1956-ல் ஐபிஎம் விற்ற முதல் தட்டுச் சேமிப்பகத்தில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. பிறகு 1971-ல் பிளாப்பி என்னும் வளையும் தட்டு வந்தது. அதிலிருந்து பிரித்துச் சொல்ல, வளையாத தட்டுக்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது. தமிழில் வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டு மூன்றும் புழங்குகின்றன. வட்டு குறளிலேயே இருக்கிற சொல். 401-ஆம் குறளில் அரங்கில்லாமல் ஆடுவது வட்டுத்தான். கருப்பட்டியை இன்றும் வட்டு என்றுதான் கேட்டு வாங்குகிறோம். மூன்றில் எதை எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை. 'கடின இயக்கி' என்று மட்டும் எழுதாதீர்கள். கணக்கு கடினமாக இருக்கலாம், பரீட்சை கடினமாக இருக்கலாம். தட்டு எப்படிக் கடினமாகும்?

'சாலிட் ஸ்டேட்' என்பது கணினிக்கு முந்தைய பேச்சு. பழைய ரேடியோக்களில் இருந்த வால்வு என்னும் குழலில் எலெக்ட்ரான் வெற்றிடத்தின் வழியே பாய்ந்தது. 1947-ல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு, எலெக்ட்ரான் குறைகடத்தி என்னும் திண்மத்துக்குள்ளேயே ஓடத் தொடங்கியது. அந்த வேறுபாட்டைக் காட்ட வந்த பெயர் அது. 1980-களில் டோஷிபாவில் புஜியோ மசுவோகா மின்சாரம் போனாலும் தகவலை இழக்காத பிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். இன்றைய எஸ்எஸ்டிக்குள் இருப்பது அந்த வழியில் வந்த சில்லுகள்தான், அதாவது சிப்கள்.

சரி, 'திட நிலை' என்று தமிழில் படிக்கிறவருக்கு இதில் எது புரியும்? திட, திரவ, வாயு என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வரும். அப்படியானால் ஹார்டு டிஸ்க் என்ன திரவமா? அதன் தட்டும் அலுமினியம் அல்லது கண்ணாடிதான், அதுவும் திடப்பொருள்தான். வால்வோடு ஒப்பிட்டபோது பொருள் தந்த அடைமொழி, தட்டோடு ஒப்பிடும்போது எதையும் பிரித்துக் காட்டவில்லை.

தூய தமிழ் அன்பர்கள் இங்கே ஒரு திருத்தத்தோடு வருவார்கள்: திடம் வடசொல், ஆகவே 'திண்மநிலை இயக்ககம்' என்று எழுத வேண்டும். திண் என்ற வேரில் எனக்கும் ஆசை உண்டு. இலங்கைப் பாடநூல்களில் திண்மம் இயல்பாகப் புழங்குகிறது. இயற்பியலில் திண்மநிலை மிகச் சரியான சொல். ஆனால் இங்கே அது தவறான படத்துக்குப் போட்ட நல்ல சட்டம். வடசொல்லை எடுத்துவிட்டோம், குழப்பம் அப்படியே இருக்கிறது. தமிழ் வேர் இருந்தால் மட்டும் பொருள் விளங்கிவிடும் என்ற நம்பிக்கையால் நாம் இழந்த வாசகர்கள் ஏராளம். அவர்கள் தமிழ்ப் பக்கத்தை மூடிவிட்டு ஆங்கிலத்துக்குப் போகிறார்கள்.

அப்புறம் அந்த 'டிரைவ்'. மோட்டார் தட்டைச் சுழற்றியது, அதனால் அதை ஆங்கிலத்தில் டிரைவ் என்றார்கள். எஸ்எஸ்டிக்குள் மோட்டார் இல்லை, சுழலும் உறுப்பே இல்லை. ஆங்கிலம் பழக்கத்தால் பெயரைத் தொடர்கிறது. புதிதாகப் பெயர் வைக்கும் நாம் அந்த மோட்டாரை ஏன் சுமக்க வேண்டும்?

நம் மக்கள் இதை முன்பே ஒருமுறை சரியாகச் செய்திருக்கிறார்கள். வால்வு ரேடியோ போய்ச் சிறு ரேடியோ வந்தபோது 'திட நிலை வானொலி' என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறதோ அதையே பெயராக்கி, 'டிரான்சிஸ்டர்' என்றார்கள். என் தாத்தா கயிறு கட்டி வரப்புக்கு எடுத்துப் போனதும் டிரான்சிஸ்டர்தான்.

அதே வழியில் போனால் எஸ்எஸ்டி சில்லுச் சேமிப்பகம், ஹார்டு டிஸ்க் தட்டுச் சேமிப்பகம். ஈழத்து நண்பர்கள் மறுப்பார்கள் என்று தெரியும். அங்கே சில்லு என்றால் சக்கரம். சுழலாத பொருளுக்குச் சக்கரத்தின் பெயரா என்று கேட்பார்கள். நியாயமான மறுப்பு. 'நுண்சில்லுச் சேமிப்பகம்' என்று ஒரு முன்னொட்டுச் சேர்த்தால் அந்த நினைப்பு விலகும். அதுவும் நீளம் என்றால் எஸ்எஸ்டி என்றே எழுதுங்கள். சென்னையில் கணினிப் பொருள் விற்கும் ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். 'திட நிலை இயக்கி' என்று கேட்டால் முழிப்பார்கள்.

இப்படிப் பெயர் வைத்தால் வேலையும் விளங்குகிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்கவே 8 மில்லிநொடிக்கு மேல் ஆகும். தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் தலை இடம் மாறும் நேரம் தனி. விண்டோஸ் போன்ற இயங்குதளம் எழும்பும்போது அங்கங்கே கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தலை ஓட வேண்டும், தட்டு சுழன்று வர வேண்டும். சில்லில் இந்த அலைச்சல் இல்லை. ஒரே நீளமாகக் கிடக்கும் வீடியோவுக்கோ தட்டே போதும், விலையும் குறைவு.

வழிகாட்டியின் அந்த வாக்கியத்தில் இருந்த 'பிரிக்கவும்' என்பதும் சரியில்லை. கோப்பைப் பிரி என்றால் ஒரு கோப்பை இரண்டாக உடைப்பது போல ஒலிக்கிறது. இங்கே வேண்டியது வகை பார்த்து வைப்பது. கடுகும் சீரகமும் அஞ்சறைப்பெட்டியில், வருஷத்துப் புளி பரணில். எந்த வீட்டிலும் இதை 'இடையே பிரிக்கவும்' என்று சொல்லிக் கேட்டதில்லை.

அவனுக்குப் போனிலேயே மாற்றிச் சொன்னேன்: "அடிக்கடி திறப்பதைச் சில்லில் வை. சேர்த்து வைப்பதைத் தட்டில் வை."

"அப்போ விண்டோஸ் சில்லுக்கு, அக்கா கல்யாண வீடியோ தட்டுக்கு. கேம்?"

"இப்போ ஆடிக்கிட்டு இருக்கிறதா?"

"ஒண்ணு மட்டும்."

"அது சில்லுக்கு. மத்ததெல்லாம் தட்டுக்கு."