விபத்துக் கிளேம்: கோப்பு பலவீனமாகும் இடங்கள்

கால் முறிந்து மருத்துவமனையில் படுத்திருப்பவரின் வீட்டார் முதலில் கேட்பது, "இழப்பீடு எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய தாள்கள் அந்த நேரத்தில் எழுதப்பட்டே இருக்காது. போலீஸ் ரிப்போர்ட், மருத்துவக் குறிப்பு, சம்பளச் சீட்டு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் வழக்கு நிற்கும். ஒன்று கிழக்கே போய் இன்னொன்று மேற்கே போனால், காயம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தொகை கரைந்துவிடும். பெரும்பாலான கோப்புகள் நீதிமன்றத்தில் தோற்பதில்லை. முதல் சில வாரங்களிலேயே தோற்றுவிடுகின்றன.

மலேசியாவின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன் 52ஆம் பிரிவு, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. காயம்பட்டவர் எழுந்து நடக்க முடியாத நிலையில் மனைவியோ அண்ணனோ போய் ரிப்போர்ட் செய்வார்கள். தவறில்லை. ஆனால் அவர்கள் விபத்தைப் பார்த்தவர்கள் அல்ல. யார், எப்போது, எந்தச் சாலை, எந்த மருத்துவமனை, தெரிந்தால் வாகன எண்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "என் கணவர் வளைவில் திரும்பும்போது..." என்று யாரோ சொல்லக் கேட்டதை எழுதிக் கொடுத்தால், பிறகு கணவர் "நேராகப் போய்க்கொண்டிருந்தேன்" என்று சொல்லும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும். காயம்பட்டவர் தேறியதும் தானே போய்ச் சொந்த ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்பதை அதிலேயே எழுதச் சொன்னால் தாமதத்துக்கான காரணமும் பதிவாகிவிடும்.

ரிப்போர்ட் மலாயில் தட்டச்சாகும். மலாய் தடுமாறும் வயதானவர்கள் நாலு வார்த்தை சொல்ல, அதிகாரி அதைச் சுருக்கி, "தீபா-தீபா சேபுவா கெரெத்தா லங்கார் சாயா" என்று முடித்துவிடுவார். திடீரென்று ஒரு கார் மோதியது, அவ்வளவுதான். எந்தத் திசையிலிருந்து எங்கே போனீர்கள், எந்த லேன், விளக்கு என்ன நிறம், அந்தக் கார் எந்தச் சந்திலிருந்து வந்தது, உங்கள் மோட்டார் சைக்கிளின் எந்தப் பக்கம் அடிபட்டது என்று எதுவும் அதில் இருக்காது. கையெழுத்துப் போடும் முன் மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வேகம் உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எண் சொல்ல வேண்டாம். விட்டுப்போனது பிறகு நினைவுக்கு வந்தால் கூடுதல் ரிப்போர்ட் கொடுக்கலாம். அதையும் சீக்கிரம் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கொடுத்தால், வழக்கறிஞரைப் பார்த்த பிறகு ஜோடித்த கதை என்பார்கள்.

போலீஸ் கோப்பில் ரிப்போர்ட்டைவிட அதிகம் பேசுவது ராஜா காசார், அதாவது விபத்து இடத்தின் வரைபடமும் அதோடு வரும் அளவுக் குறிப்பும். கோலாலம்பூரில் நடக்கும் விபத்துகளின் கோப்பு பெரும்பாலும் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள போக்குவரத்துப் போலீஸ் நிலையத்தில் இருக்கும். வரைபடம், படங்கள், விசாரணை முடிவு எல்லாவற்றுக்கும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். கண்ணாடித் தூள் எந்த லேனில் கிடந்தது, தாரில் கீறல் எங்கே தொடங்கியது என்பதை வைத்துத்தான் யார் யாருடைய பாதைக்குள் நுழைந்தார் என்று நீதிபதி பார்ப்பார். விசாரணை அதிகாரி வருவதற்குள் வாகனங்களை ஓரம் கட்டியிருந்தால் வரைபடம் பாதி ஊமை. நகர்த்தும் முன் சாலையின் இரு பக்கத்திலிருந்தும் தூரமாக நின்று எடுத்த இரண்டு படங்கள், நசுங்கிய மட்கார்டை நெருக்கமாக எடுத்த இருபது படங்களைவிட மதிப்புள்ளவை. அருகிலுள்ள கடையில் சிசிடிவி இருந்தால் அன்றே போய்க் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

எதிர் ஓட்டுநருக்குப் போலீஸ் சம்மன் (போக்குவரத்துக் குற்ற அறிவிப்பு) கொடுத்துவிட்டார்கள் என்றால் வழக்கு முடிந்துவிடவில்லை. யார் மீது எத்தனை விழுக்காடு தவறு என்பதைச் சிவில் நீதிமன்றம் தானே முடிவு செய்யும். 70-க்கு 30 என்று பிரிந்து உங்கள் பங்கு 30 என்றால், நிரூபித்த தொகையில் 30 விழுக்காடு கழியும். சம்மன் உங்களுக்கு வந்திருந்தால், "போய் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்று அவசரப்படாதீர்கள். அந்த ஒப்புதல் சிவில் வழக்கில் உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும்.

வேலைக்குப் போகும்போதா, வரும்போதா?

சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எதிர் வாகனத்தின் காப்புறுதியும் ஒன்று என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டும் தனித்தனி. வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போகும்போதோ, வரும்போதோ, ஓய்வு நேரத்தில் சாப்பிடப் போய்த் திரும்பும்போதோ விபத்து நடந்தால் அது வேலைக் காயமாகக் கருதப்படும். சொக்சோவில் பெறுவதால் எதிர் ஓட்டுநர் மீதான கிளேம் பறிபோகாது. முதலாளி விபத்தைச் சொக்சோவுக்கு 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். குறைந்தது நான்கு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) இருந்தால் தற்காலிக இயலாமைக்கான தொகை கிடைக்கும்; சராசரி நாள் கூலியில் அது 80 விழுக்காடு. நிரந்தரக் குறைபாட்டை மருத்துவக் குழு மதிப்பிடும்.

சொக்சோ கேட்கும் தாள்களில் பலர் அலட்சியமாகக் கொடுப்பது பாதை வரைபடம். பட்டர்வெர்த்தில் வீடு, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை என்றால் வழக்கமாகப் போகும் வழியை வரைந்து, விபத்து நடந்த இடத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பஞ்ச் கார்டு நேரத்தோடும் ரிப்போர்ட்டில் உள்ள நேரத்தோடும் அது பொருந்த வேண்டும். வழியில் சந்தைக்கோ நண்பர் வீட்டுக்கோ திரும்பியிருந்தால், பயணம் தடைபட்டது என்று கிளேம் மறுக்கப்படலாம். இ-ஹெய்லிங் (செயலி வழி வாடகைக் கார்) ஓட்டுபவர்களுக்குச் சுயதொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017 தனியாக உண்டு. சந்தா கட்டியிருக்கிறதா என்பதை விபத்துக்கு முன்பே பார்த்து வைக்க வேண்டும்.

தொகை எப்படிக் கணக்காகிறது

காயத்துக்கு ஒரு தொகை, செலவுக்கு ஒரு தொகை, இழந்த சம்பளத்துக்கு ஒரு தொகை. காயத்துக்கு நீதிமன்றங்கள் பின்பற்றும் வரம்புகள் உள்ளன. நிபுணத்துவ மருத்துவரின் அறிக்கையே அங்கே பேசும். ஒரே காலில் மூன்று காயம் என்றால் மூன்றையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். ஒன்றின் வலியில் இன்னொன்றும் அடங்கும் என்று குறைப்பார்கள். செலவுக்கு ரசீது இல்லாமல் முடியாது. தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தால், அதே சிகிச்சை அரசு மருத்துவமனையில் கிடைத்திருக்காதா என்ற கேள்வி கட்டாயம் வரும்.

சம்பள இழப்புக்குச் சிவில் சட்டம் 1956-இல் சூத்திரமே இருக்கிறது. வயது 30 அல்லது அதற்குக் கீழ் என்றால் 16 ஆண்டுகளுக்கான இழப்பு கணக்காகும். 31 முதல் 59 வரை, 60-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 2019 செப்டம்பர் 1-இல் வந்த திருத்தத்துக்கு முன் இந்த 60 என்பது 55-ஆக இருந்தது. நாற்பது வயதுக்காரருக்கு 10 ஆண்டுகள். காயத்தால் மாதம் 800 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தது என்று நிரூபித்தால் 800 × 12 × 10, அதாவது 96,000 வெள்ளி. இதில் "நிரூபித்தால்" என்பதில்தான் கோப்பு கவிழ்கிறது. விபத்துக்கு முன் சம்பாதித்துக்கொண்டிருந்ததைக் காட்ட வேண்டும். கையில் ரொக்கமாகக் கூலி வாங்கும் லோரி உதவியாள், கல்யாணப் பந்தல் போடுபவர் போன்றவர்கள் இங்கே சிக்குகிறார்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, எதுவும் இல்லையென்றால் முதலாளியே வந்து கொடுக்கும் சாட்சியம் என ஏதாவது ஒன்று வேண்டும். வேலைக்குத் திரும்பி அதே சம்பளம் வாங்குபவருக்கு இந்த இழப்பு இல்லை. எதிர்காலத்தில் வேலை தேடும் திறன் குறைந்தது என்று வேறு தலைப்பில் கேட்கலாம்.

இறப்பு என்றால் கணக்கும் கெடுவும் வேறு. சார்ந்திருந்தோர் கிளேமை இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். துயரத்துக்கான தொகை 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளியாக உயர்ந்ததும் அதே 2019 திருத்தத்தில்தான். சார்ந்திருந்தோர் கிளேமைக் கேட்கும் உரிமை கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கு உண்டு, உடன்பிறந்தவர்களுக்குப் பொதுவாக இல்லை. தங்கை சம்பாத்தியத்தில் வாழ்ந்த அக்காளுக்கு இது கசப்பான செய்தி. இன்னொன்று: கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே விட்ட தம்பதிகள் நம்மிடையே கணிசம். திருமணச் சான்றிதழ் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். நேராக முடியவேண்டிய கிளேம், மனைவியா இல்லையா என்ற வாதத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபடும்.

கட்டிலருகே வரும் ஏஜெண்டு

வார்டுக்குள் ஒருவர் வருவார். பழமும் வாங்கி வருவார். காசு எதுவும் வேண்டாம், ஜெயித்தால் முப்பது விழுக்காடு கொடுங்கள் என்பார். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தை வழக்கறிஞர் தொழில் சட்டம் 1976 தடை செய்கிறது. அவர் நீட்டும் தாளில் வழக்கறிஞர் பெயர் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த நிறுவனம், எந்த வழக்கறிஞர் என்று கேட்டு, மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயரைத் தேடுங்கள். மோட்டார் பழுதுக்காகக் காப்புறுதி நிறுவனம் கையெழுத்துக்கு அனுப்பும் பற்றுச்சீட்டையும் அப்படியே வாசியுங்கள். வாகனச் சேதத்துக்கு மட்டுமா, "எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழு முடிவாக" என்று இருக்கிறதா? இரண்டாவதாக இருந்தால் 1,800 வெள்ளி பழுதுக் காசோடு கால் எலும்புக்கான கிளேமும் முடிந்துவிடலாம்.

காயத்துக்கான வழக்குக்குத் தீபகற்ப மலேசியாவில் 6 ஆண்டுக் கெடு உண்டு. சாலைக் குழியில் விழுந்து டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) மீதோ பினாங்குத் தீவு மாநகர் மன்றம் மீதோ வழக்குப் போடுவதாக இருந்தால் 36 மாதம்தான். அரசு வாகனம் மோதினாலும் அதே 36 மாதம். குழியை அடைத்துவிடுவார்கள். ஆழம் தெரிய அளவு நாடா வைத்து அன்றே படம் எடுங்கள்.

குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் கவனிக்காத ஒன்று: கட்டாயக் காப்புறுதி, தனியார் காரில் உடன் பயணிப்பவர்களுக்கான பொறுப்பைப் பொதுவாக ஏற்பதில்லை. தவறு உங்கள் காரோட்டியுடையது என்றால் பின் இருக்கையில் இருந்த அம்மா யாரிடம் கேட்பது? பயணிகள் பொறுப்புக்கான கூடுதல் சேர்க்கை இருக்கிறதா என்று ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போதே பாருங்கள். எதிர் வாகனத்துக்குக் காப்புறுதியே இல்லையென்றால் மோட்டார் காப்புறுதியாளர் வாரியத்தை அணுக வழி உண்டு.

காயம் இல்லாமல் பம்பர் மட்டும் போன தகராறுக்கு வழக்கறிஞர் வைத்தால் கட்டுப்படியாகாது. 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் தனிநபர் தானே போய்ப் பதியலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. படிவம் 198-ஐ நிரப்பி, ரிப்போர்ட், பட்டறைப் பில், படங்களை இணைக்க வேண்டும். எதிர்த்தரப்பின் முகவரி சரியாக இல்லாவிட்டால் சம்மன் திரும்பி வந்து, வழக்கு அதே இடத்தில் நிற்கும். விபத்து இடத்தில் கைப்பேசி எண் வாங்கும்போதே அடையாள அட்டையில் உள்ள முகவரியையும் எழுதிக்கொள்ளுங்கள்.