தலைப்புக்கு முரட்டு எழுத்து சரி, தொலைபேசி எண்ணுக்கு வேண்டாம்

சில வருடங்களுக்கு முன் ஒரு விளையாட்டுப் போட்டிக்குச் சுவரொட்டி வடிவமைத்தேன். தலைப்புக்கு மூலைகளைச் சீவிவிட்ட, தடித்த எழுத்துரு. அது பிரமாதமாக அமைந்துவிட்ட மிதப்பில் தேதி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதே ஃபாண்டில் போட்டேன். ஒட்டிய மறுநாளே வாடிக்கையாளர் கூப்பிட்டார், எண் தப்பு என்று. எண் சரிதான். ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் 6, 8, 0 மூன்றும் ஒரே கறுப்புக் கட்டி.

தடித்த எழுத்து என்றால் தெளிவாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். கண் கறுப்பை மட்டும் படிப்பதில்லை, எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையையும் சேர்த்துத்தான் படிக்கிறது. கோடு தடிக்கத் தடிக்க அந்த வெள்ளை சுருங்கும். 8-இன் இரண்டு ஓட்டைகளும் வெறும் கீற்றாகிவிடும். வளைவையும் எடுத்துவிட்டால் அடையாளம் காட்ட மிச்சம் என்ன இருக்கிறது? ஆங்கில ‘எஸ்’ஸும் 5-உம் இரட்டைப் பிள்ளைகள். ‘ஓ’வும் பூஜ்யமும் சொல்லவே வேண்டாம்.

இதற்காக அந்த எழுத்தைக் குறை சொல்ல மாட்டேன். 1923-இல் ஜெர்மன் எழுத்து வடிவமைப்பாளர் ருடால்ஃப் கோக் ‘நியூலாண்ட்’ எழுத்துருவை முன்வரைவு இல்லாமல் நேரடியாக உலோகத்திலேயே வெட்டினார். அந்த வெட்டின் முரட்டுத்தனம்தான் அதன் அழகு. 1970-இல் வந்த ‘ஐடிசி மெஷின்’ எழுத்துரு, மூலை சீவிய வகைக்கு நல்ல உதாரணம். இரண்டிலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் (கேப்பிடல்) மட்டுமே, சின்ன எழுத்துகள் கிடையாது. பத்தி பத்தியாகப் படிக்கச் செய்தவை அல்ல என்பது அதிலேயே தெரிகிறது. இரண்டு மூன்று சொற்களில் தலைப்பு, அணியின் பெயர், கேம் முகப்பு, சட்டை முதுகில் ஒன்றிரண்டு இலக்கம்: இங்கெல்லாம் இதற்கு ஈடில்லை. வினைல் ஸ்டிக்கர் வெட்டுபவர்களுக்கும் பிடிக்கும். நேர்கோடு என்பதால் வெட்டிய பின் மிச்சத்தை உரித்தெடுப்பது சுலபம்.

இடைவெளியை மட்டும் மென்பொருளிடம் விட்டுவிடாதீர்கள். ‘எல்’லுக்குப் (L) பக்கத்தில் ‘டி’ (T) வந்தால் நடுவில் ஒரு பள்ளம் விழும். சிறிதாக இருக்கும்போது கண்ணில் படாது, நான்கு அடி அகலத்துக்குப் போனதும் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். கையால் நெருக்கி வைக்க வேண்டியதுதான்.

அப்புறம் உரிமம். ‘இலவசம்’ என்று இறக்கிய பல ஃபாண்டுகள் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். அச்சுக்கு வாங்கிய உரிமம் வலைத்தளத்துக்கோ செயலிக்கோ செல்லாமல் போகலாம். வாடிக்கையாளரிடம் கொடுக்குமுன் ஃபாண்டோடு வரும் உரிமக் கோப்பைத் திறந்து படித்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்வதில்லை. எண் வரும் பகுதியை மட்டும் நிஜ அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பின்னால் நடந்து போய், வடிவமைப்பைப் பார்க்காத ஒருவரை வாசிக்கச் சொல்கிறேன்.

அந்தச் சுவரொட்டியா? சாதாரண எழுத்தில் எண்ணை மட்டும் பட்டையாக அச்சடித்து, ஒவ்வொன்றின் மேலும் நானே போய் ஒட்டினேன். செலவும் என்னுடையதுதான்.