மீசையை விடுங்க, மூஞ்சியைப் பாருங்க

பழனி மலையில் இருக்கிற தாண்டிக்குடியில் நண்பர் வீட்டுத் திண்ணையில் மழை விட்ட ராத்திரி உட்கார்ந்திருந்தோம். பல்பில் மோதி ‘டப்’பென்று ஒரு வண்டு விழுந்தது. கட்டைவிரல் நீளம், சாம்பல் நிறம், கழுத்துப் பட்டையில் இரண்டு செம்மஞ்சள் பொட்டு, உடம்பைத் தாண்டிப் பின்னால் வளைந்து போகிற மீசை. “தொடாதீங்க மாமா, கடிக்கும்” என்றான் நண்பரின் பையன்.

கடிக்கத்தான் செய்யும், பச்சை மரப்பட்டையை மெல்லுகிற தாடை அது. இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினேன், கழுத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு கிரீச் கிரீச் என்றது. சத்தம் வாயிலிருந்து வருவதில்லை. கழுத்துத் தகட்டின் பின்விளிம்பு, அதற்கு அடியில் அரம் மாதிரி இருக்கும் நுண்ணிய வரிகளில் உரசுகிறது, அவ்வளவுதான்.

நீள்கொம்பு வண்டு என்று யாரும் சொல்லிவிடலாம். எந்த நீள்கொம்பு என்பதுதான் சிக்கல், ஏனென்றால் உலகத்தில் பெயர் வைத்து முடித்ததே 35,000 இனங்களுக்கு மேல். அதில் வெப்பமண்டல ஆசியாவின் பங்கு பெரிது. இந்தக் கூட்டத்தில் எது எது என்று பிரிக்க, பெயரிலேயே இருக்கிற அந்தக் கொம்பு, அதாவது மீசை, பெரிதாக உதவாது. பல இனங்களில் ஆணுக்கு நீளம், பெண்ணுக்குக் குட்டை. ஆணும் பெண்ணும் வேறுவேறு ஆட்களிடம் போய் இரண்டு பெயர் வாங்கிக்கொண்ட கதைகளும் உண்டு (அப்படி நடந்தால் பொதுவாக முதலில் அச்சான பெயர்தான் செல்லும்). நம் மலையில் எல்லோரும் திட்டுகிற நீள்கொம்பு எது? அராபிகா காப்பிச் செடியைக் குடைகிற வெள்ளைத் தண்டுத் துளைப்பான், சைலோட்ரெக்கஸ் குவாட்ரிபெஸ். கருப்பு உடம்பில் வெளிர் கோடு போட்ட அந்தச் சின்ன வண்டுக்கு மீசை குட்டைதான். வெயில் படுகிற தண்டாகப் பார்த்துப் பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். தோட்டத்துக்காரர்கள் நிழல்மரத்தைக் கண்டபடி கழிக்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, பின்னே எதைப் பார்ப்பது? முதலில் கண். அவரைவிதை மாதிரி உள்வளைந்து, மீசையின் அடியைச் சுற்றி அணைத்தபடி இருக்கும். அப்புறம் பாதம். எண்ணினால் நாலு கணு தெரியும், ஆனால் இருப்பது ஐந்து. மூன்றாவது கணு இதய வடிவில் பிளந்திருக்க, நாலாவது பொடிசாக அந்தப் பிளவுக்குள் ஒளிந்திருக்கும். லென்ஸில் முதல் தடவை அதைக் கண்டுபிடித்த அன்று நான் போட்ட கூச்சல் வீட்டில் இன்னும் பேச்சில் இருக்கிறது.

அடுத்தது மூஞ்சி. நெற்றியிலிருந்து வாய் வரை சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கி, வாயோரக் குட்டி விரல்களின் நுனி கூராக இருந்தால் லாமினே என்ற துணைக்குடும்பம். மூஞ்சி முன்னால் சரிந்து, அந்த நுனி கத்தரித்த மாதிரி மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் செராம்பிசினே துணைக்குடும்பம், காப்பிக்காரன் இந்தப் பக்கம். கழுத்துப் பட்டையின் ஓரம் தகடாக, பல்பல்லாக நின்றால் பிரியோனினே என்ற இன்னொரு துணைக்குடும்பம்.

நம் திண்ணை வண்டுக்குச் சுவர் மூஞ்சி. தோளில் ஒரு முள், சிறகோட்டின் மேல்பக்கம் பளபளக்கும் கருங்குருணைகள். பட்டோசெரா ரூஃபோமாகுலாட்டா, மா மரத்தையும் அத்தி வகைகளையும் குடைவது, 1775இல் டி கீர் என்ற ஸ்வீடன் பூச்சியியலாளர் பெயர் வைத்தது. நல்லவேளை, பிரபலமான ஆள். சின்ன லாமினே எதுவாவது விழுந்திருந்தால் நான் மாட்டியிருப்பேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கஹான் 1906இல் இந்திய நீள்கொம்புகளுக்குத் தொகுதி போட்டபோது லாமினே அதில் இடம்பெறவில்லை. பிறகு பிரூனிங் என்ற ஆஸ்திரியர் வந்தார். ஒரே ஆள் 7,000க்கு மேல் பெயர் வைத்தார், பெரும்பாலும் லாமினே. ஒரே ஒரு மாதிரி வண்டை வைத்தும், நிறத்திட்டு வித்தியாசத்தை வைத்தும் எழுதித் தள்ளினார். உழைப்பு அசாத்தியம்தான், ஆனால் அதைச் சரிபார்க்கிற வேலை இன்றும் முடியவில்லை. நிறத்தை நம்ப முடியாது, செம்மஞ்சள் பொட்டு பெட்டியில் கிடந்து வெளிறிவிடும். அதனால்தான் உலர்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து, ஆண் உறுப்பைப் பிரித்தெடுத்து ஒப்பிடுகிறார்கள், இப்போது டிஎன்ஏவும் பார்க்கிறார்கள். எது செய்தாலும் கடைசியில், முதன்முதலில் பெயர் வாங்கிய அந்த ஒரே மாதிரி வண்டோடு, அதாவது ஹோலோடைப்போடு, ஒப்பிட்டாக வேண்டும்.

அதன் லேபிளில் என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். ‘நீலகிரி மலை’ என்று மட்டும் எழுதிய பழைய லேபிள்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் பக்கத்து அடிவாரக் காடா, 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவா? எந்த மரம்? யாரைப் போய்க் கேட்பது?

பையனிடம் பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னேன்: தாண்டிக்குடி, திண்ணை பல்பு, இரவு 8.40, மழைக்குப் பின். “பக்கத்துல மாமரம் இருக்குன்னும் போடவா?” என்றான்.