தொண்டை வலிக்கு வீடியோ டாக்டர்: ரீயூனியனில் எதற்குப் போதும், எதற்குப் போதாது

பிரான்ஸின் மருத்துவக் காப்பீடு 2018 செப்டம்பர் 15 முதல் வீடியோ வழி ஆலோசனைக்கும் பணம் தருகிறது. பாரிஸுக்கு உள்ள விதிதான் இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கும்; இங்கே காசு சே.ஜே.எஸ்.எஸ். என்ற சமூகக் காப்பீட்டு அலுவலகம் வழியாக வருகிறது. சாலையே போகாத மஃபாத்தில் இருப்பவருக்கும், காய்ச்சலோடு சிலாவோஸ் மலை வளைவுகளில் இறங்க முடியாதவருக்கும் இது பெரிய உதவி. ஆனால் தொண்டை விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

முதலில் காசு. முகம் பார்த்துப் பேசும் வீடியோவாக இருக்க வேண்டும். உங்கள் மெத்சேன் த்ரெத்தானிடமோ (காப்பீட்டில் நீங்கள் பதிந்துவைத்த வழக்கமான டாக்டர்), அவர் அனுப்பிவைத்த டாக்டரிடமோ பேசினால் 70% திரும்பும். மீதியை முத்துயேல் என்ற துணைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு 2 யூரோ பிடித்தம், நேரில் போனாலும் அதே. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அவசரத்துக்கும் மெத்சேன் த்ரெத்தான் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. மெடிக்கல் லீவ் தேவைப்படுபவர்கள் கவனிக்க: 2024 முதல், உங்கள் மெத்சேன் த்ரெத்தான் அல்லாத டாக்டர் வீடியோவில் பொதுவாக 3 நாளுக்கு மேல் எழுத முடியாது.

இனி தொண்டை. போன் கேமரா முன் 'ஆ' காட்டினால் டான்சில் சிவந்திருப்பது தெரியும். நல்ல வெளிச்சம் இருந்தால் வெள்ளை படிந்திருப்பதும் தெரியும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் நேரில் போனாலும் வைரஸா பாக்டீரியாவா என்று வெறும் கண்ணால் சொல்லிவிட முடியாது. பெரியவர்களுக்கு வரும் தொண்டை அழற்சியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வீண். பிரித்துச் சொல்வது தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துச் செய்யும் 'த்ரோத்' சோதனை. சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். அது பார்மசியிலேயே நடக்கிறது. 2024 ஜூன் முதல், பயிற்சி பெற்ற பார்மசிக்காரர் 10 வயது நிரம்பியவருக்குச் சோதனை பாசிட்டிவ் என்றால் டாக்டர் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாட்டிக் தரலாம். 'பாசிட்டிவானால் மட்டும் கொடுக்கவும்' என்று டாக்டர் சீட்டு எழுதவும் விதியில் இடமுண்டு. என்னைக் கேட்டால், நல்ல வீடியோ டாக்டருக்கு அந்தச் சீட்டுதான் அடையாளம். சோதனைப் பேச்சே எடுக்காமல் அமோக்ஸிசிலின் எழுதினால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

குரல் கம்மல் வேறு கதை. காவடி முடிந்த வாரம் அரோகரா போட்டுக் குரல் கட்டுவது சில நாளில் தேறிவிடும். 3 வாரம் தாண்டியும் தேறவில்லை, அதிலும் சிகரெட்டோ ரம்மோ பழக்கம் உண்டு என்றால், வீடியோவோடு நிறுத்தக் கூடாது. குரல்நாண் போன் கேமராவுக்கு எட்டாது. ஓ.ஆர்.எல். எனும் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தால்தான் உண்டு. கழுத்தில் கட்டி, விழுங்கும்போது விடாத வலி இரண்டுக்கும் இதேதான். காப்பீட்டுக் காசு குறையாமல் அவரிடம் போக மெத்சேன் த்ரெத்தானின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை வேண்டுமானால் வீடியோவில் வாங்கிக்கொள்ளுங்கள். நோய் இன்னதென்று தெரிந்தபின், ஓர்த்தோபோனிஸ்ட் எனும் பேச்சு-குரல் பயிற்சியாளரிடம் குரல் பயிற்சியை வீடியோவில் தொடரவும் காப்பீடு உண்டு.

மூச்சுத் திணறல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, வாயைத் திறக்க விடாத வலி என்றால் எந்த ஆப்பையும் திறக்காதீர்கள். அவசர மருத்துவ எண் 15-ஐ அழையுங்கள்.