மறந்துபோன கணக்கும் மூடப்பட்ட தளமும்

ரிச்சி தெருவுக்கு அருகே, ஒரு குறுகிய மாடிப்படியின் முடிவில் உள்ள இரண்டு அறைகளில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தரவு மீட்பு வேலை செய்து வருகிறேன். கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க், தவறுதலாக ஃபார்மட் செய்த மெமரி கார்டு, மின்னழுத்தம் ஏறிக் கருகிய சர்க்யூட் போர்டு என்று ஏதாவது ஒரு பொருளோடுதான் எல்லோரும் படியேறி வருவார்கள். சென்ற ஆண்டு பெரம்பூரிலிருந்து வந்த ஒருவர் மட்டும் வெறுங்கையோடு வந்தார். "சார், டிஸ்க் எதுவும் இல்ல. ஆர்குட்ல போட்ட போட்டோங்க. தங்கச்சி கல்யாணம், 2007. எடுத்துக் குடுக்க முடியுமா?" என்று கேட்டார். ஆர்குட், கூகுள் நடத்தி 2014இல் மூடிவிட்ட சமூக வலைத்தளம். அந்தப் படங்களில் இருந்த அவருடைய அம்மா இப்போது இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது என்று முதலில் சொல்பவர் வாடிக்கையாளர்தான். நாங்கள் அவ்வளவு எளிதில் சொல்வதில்லை. ஓடாத டிஸ்க்குக்குத் தரவைப் படிக்கும் முனையான ஹெட்டை மாற்றலாம், கருகிய போர்டுக்கு அதே மாடலில் இன்னொரு போர்டைத் தேடிப் பிடித்துப் பொருத்தலாம், அழித்துவிட்ட படத்தைக்கூட, அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படாத வரை, கோப்பின் தொடக்கக் குறியை வைத்துத் தேடி எடுக்கலாம். இவை எல்லாம் முடிவதற்குக் காரணம், தரவு பதிந்திருக்கும் காந்தத் தட்டு நம் கையில் இருப்பதுதான். மூடப்பட்ட தளத்தின் தட்டோ எந்த நாட்டில், எந்தக் கட்டடத்தில் இருந்தது என்பதுகூட நமக்குத் தெரியாது. இதை விளக்கியபோது அவர், "கூகுள்காரங்க எங்கயாவது வச்சிருப்பாங்கல்ல சார்?" என்றார். பலரும் கேட்கும் கேள்வி இது. நம் நாட்டின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒருவர் தம் கணக்கை மூடிய பிறகு அவருடைய பதிவு விவரங்களைத் தளங்கள் 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது விசாரணைக்காக வைக்கப்படுவது, கல்யாண ஆல்பத்துக்காக அல்ல.

ஆர்குட்டின்மேல் குறை சொல்லவும் இடமில்லை. 2004 ஜனவரியில் கூகுளின் பொறியாளர் ஆர்குட் புயுக்கோக்டென் தொடங்கிய அந்தத் தளம் பிரேசிலிலும் இந்தியாவிலும்தான் பெரிதாக ஓடியது. மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நண்பனின் பக்கத்தில் 'ஸ்க்ராப்' என்ற செய்தி எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவன் நானும். 2014 ஜூன் 30 அன்று மூடல் அறிவிப்பு வந்தது, செப்டம்பர் 30 அன்று தளம் மூடப்பட்டது, அதன் பிறகும் 2016 செப்டம்பர் வரை படங்களைத் தரவிறக்கிக் கொள்ள வழி இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அவகாசம் அது. நம்மவர் 2010 வாக்கிலேயே ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார். வேலைக்கு விண்ணப்பிப்பதற்காக முறையான பெயரில் புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்கியிருந்தார். ஆர்குட்டுக்குப் பயன்படுத்திய பழைய முகவரியின் பாஸ்வேர்ட் நினைவில் இல்லை, அதோடு இணைத்த கைபேசி எண்ணும் மாறிவிட்டது. அவருக்கு வந்த அறிவிப்புகள் எல்லாம் ஆளில்லாத வீட்டின் தபால் பெட்டியில் விழுந்தன.

பரணில் கிடந்த பழைய கணினியைக் கொண்டுவரச் சொன்னேன். அதன் 80 ஜிபி டிஸ்க் ஓடியது. பிரவுசர் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் கோப்புகளைத் தோண்டியதில், ஆர்குட் ஆல்பத்தின் சிறுபடங்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்தன. ஒவ்வொன்றும் தபால் தலை அளவு. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். அதையும் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லி வாங்கிச் சென்றார்.

ஒரு சமூக வலைத்தளத்தின் வீழ்ச்சி என்றால் அது மூடப்படும் நாளையே எல்லோரும் நினைக்கிறோம். நான் என் மேசையில் பார்க்கும் இழப்புகள் அந்த நாளில் நேர்வதில்லை. நாம் அங்கே போவதை நிறுத்திய நாளுக்கும் தளம் மூடப்படும் நாளுக்கும் நடுவே மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு, சில சமயம் பத்து ஆண்டு இடைவெளி இருக்கிறது. படங்கள் அப்போதும் நம்முடையவை, கதவும் திறந்தே இருக்கிறது, ஆனால் நாம் எடுத்துக்கொள்வதும் இல்லை, பூட்டிவிட்டு வருவதும் இல்லை.

இந்த இடைவெளி ஏன் இவ்வளவு சத்தமில்லாமல் தொடங்குகிறது என்பதற்கு ஃப்ரெண்ட்ஸ்டர் நல்ல உதாரணம். 2002இல் தொடங்கி மிக வேகமாக வளர்ந்த அந்தத் தளத்தை 2003இல் கூகுள் 3 கோடி டாலருக்குக் கேட்டும் நிறுவனர் ஜோனதன் ஆப்ரம்ஸ் கொடுக்கவில்லை. யார் யாருக்கு எத்தனை கை தள்ளி நண்பர் என்பதை ஒவ்வொரு பக்கத்துக்கும் கணக்கிட்டுக் காட்ட முயன்றதில் தளம் திணறியது. பக்கம் திறப்பதற்குள் பொறுமை போனது. சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிக் ஆய்வாளர்கள் 2013இல் இந்தத் தளத்துக்கு ஒரு பிரேதப் பரிசோதனையே நடத்தினார்கள். ஒருவருக்கு எத்தனை நண்பர்கள் என்பதைவிட, அந்த நண்பர்களுக்கும் தளத்துக்குள் போதிய நண்பர்கள் இருக்கிறார்களா என்பதே தளத்தைத் தாங்குகிறது என்பது அவர்கள் கண்டது. ஓரத்தில் இருப்பவர் கிளம்பினால், அவரை நம்பியிருந்தவர் ஓரத்துக்கு வருகிறார், பிறகு அவரும் கிளம்புகிறார். கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தாலும், நமக்குத் தெரிந்த முகங்கள் பந்தி முடித்துப் புறப்பட்டுவிட்டால் நாமும் தாம்பூலப் பையைத் தேடத்தானே செய்வோம்? இந்தியாவில் 2010 ஜூலையில் ஃபேஸ்புக் ஆர்குட்டை முந்தியதாக, இணையப் பயன்பாட்டை அளக்கும் காம்ஸ்கோர் நிறுவனம் சொன்னபோது, ஆர்குட்டில் இன்னும் சுமார் 2 கோடிப் பேர் இருந்தார்கள். நம்மவரைப் போன்றவர்கள் மண்டபத்தை விட்டுப் போய்விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

எந்தத் தளம் எப்போது விழும் என்று கணிக்கும் வேலையை மட்டும் யாரும் நம்ப வேண்டாம். 2014இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், தொற்றுநோய் பரவலுக்கான கணக்கை வைத்து, 2017க்குள் ஃபேஸ்புக் தன் பயனர்களில் 80 சதவீதத்தை இழக்கும் என்று எழுதினார்கள். அதே முறையில் கணக்கிட்டால் 2021இல் பிரின்ஸ்டனில் மாணவரே இருக்க மாட்டார் என்று ஃபேஸ்புக்கின் ஆய்வாளர்கள் திருப்பிக் கேலி செய்தார்கள். இரண்டுமே நடக்கவில்லை.

மூடும் விதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கூகுள் பிளஸ் 2018 அக்டோபரில் அறிவித்து 2019 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டது. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற தமிழ் இலக்கியக் குழுமங்கள் கூடிப் பேசிய யாஹூ குரூப்ஸ், 2019இல் அறிவித்துவிட்டு 2020 டிசம்பரில் முழுதாக மறைந்தது. ட்விட்டருக்குப் போட்டியாக வந்த பெங்களூரின் 'கூ' 2024 ஜூலையில் விடைபெற்றது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் கதை வேறு: 2005இல் 58 கோடி டாலருக்கு வாங்கப்பட்டு, 2011இல் 3.5 கோடி டாலருக்கு விற்கப்பட்ட அந்தத் தளம் மூடப்படவே இல்லை. ஆனாலும் 2003 முதல் 2015 வரை இசைக் கலைஞர்கள் ஏற்றிய 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள், சர்வர் மாற்றும் வேலையில் அழிந்துவிட்டன என்பது 2019இல் வெளியே தெரிந்தது. தளம் இருக்கிறது என்பதற்காக நாம் போட்டது இருக்கிறது என்று பொருள் இல்லை. அவகாசமே இல்லாமல் போனது டிக்டாக். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அதைத் தரவிறக்கத் தடை விதித்து மூன்று வாரத்தில் நீக்கியபோது அது ஓர் ஒத்திகை என்று யாருக்கும் தோன்றவில்லை. 2020 ஜூன் 29 இரவு மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. அடுத்த இரண்டு மாதங்கள் என்னிடம் வந்த கைபேசிகளில் பாதி, வடசென்னை இளைஞர்களின் நடன வீடியோக்களைத் தேடித்தான் வந்தன. கேலரியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே முழுதாகக் கிடைத்தது.

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின் பிறகு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர் என்று பல இடங்களிலிருந்து சேறு புகுந்த டிஸ்க்குகள் எங்கள் அறையில் குவிந்தன. (வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தவைதான் அதிகம் கெட்டுப்போயிருந்தன, நனைந்த டிஸ்க்கை ஈரத்தோடு, மின்சாரம் கொடுக்காமல் கொண்டுவர வேண்டும்.) பீரோவில் இருந்த ஆல்பமும் போய், டிஸ்க்கும் போன பல குடும்பங்களுக்கு ஃபேஸ்புக்கில் ஏற்றியிருந்த படம்தான் மிஞ்சியது. ஆனால் அது அசல் அல்ல. 2010க்கு முன் ஏற்றிய படங்கள் பெரும்பாலும் 604 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கப்பட்டவை. எடுத்த நாளும் இடமும் படத்திலிருந்து நீக்கப்பட்டவை. சுவரில் மாட்டும் அளவுக்குப் போடலாமா என்று கேட்ட ஓர் அம்மாவிடம் இல்லை என்று சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. சமூக வலைத்தளம் நல்ல இரண்டாம் பிரதி, முதல் பிரதியாக இருக்க அதற்குத் தகுதி இல்லை.

பூட்டாமல் வந்த கதவின் ஆபத்து இதைவிடப் பெரிது. 2016இல் மைஸ்பேஸின் சுமார் 36 கோடிக் கணக்குகளின் விவரங்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் பெரும்பாலானவை உரிமையாளர்களே மறந்துபோன கணக்குகள். அதே ஆண்டு, 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து திருடப்பட்ட 11.7 கோடி மின்னஞ்சல்களும் பாஸ்வேர்ட்களும் வெளிவந்தன. பழைய கணக்கில் திருட என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். திருடனுக்கு வேண்டியது அந்தக் கணக்கு அல்ல, அந்த பாஸ்வேர்ட். மனிதர்கள் தளத்தை மாற்றுகிறார்களே தவிர, பாஸ்வேர்டை மாற்றுவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். வேளச்சேரியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், ஆறு ஆண்டுகளாகத் திறக்காத தம் கணக்கிலிருந்து பழைய சகாக்களுக்கு "அவசரம், இருபதாயிரம் அனுப்ப முடியுமா?" என்று செய்தி போவதை, ஒரு நண்பர் பணம் அனுப்பிவிட்டு விசாரித்த பிறகுதான் அறிந்தார். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் வேறு நான்கு இடங்களில் அவர் வைத்திருந்ததும் ஒன்றே. பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் வங்கியில் தொகையை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே, போவது குறைந்துவிட்ட தளம் எது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதில் இன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வது கணக்கை மூடுவது ஆகாது. இதை நான் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்கிறேன். முதலில் முழுத் தரவையும் தரவிறக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் 2010 முதல் இந்த வசதி இருக்கிறது. படங்களின் தரத்தை உயர்ந்த அளவில் தேர்ந்தெடுத்துக் கேட்பது முக்கியம், மறந்தால் சிறிய பிரதிகள் வந்து சேரும். வந்த ஜிப் கோப்பைத் திறந்து பார்க்காமல் கணக்கை அழிக்கக் கூடாது, ஏனென்றால் பாதி இறங்கிய ஜிப்பைப் பத்திரமாக மூன்று ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்து, அந்தக் கணக்கை வைத்து வேறு எந்தெந்த ஆப்களில் நுழைந்திருக்கிறீர்கள் என்று அமைப்புகளில் பார்த்து, அவற்றுக்குத் தனி பாஸ்வேர்ட் வைத்த பிறகே நிரந்தரமாக நீக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் புடவை விற்கும் சகோதரிகள், வாடிக்கையாளர்களின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது எழுதி வைக்கட்டும். பின்தொடர்பவர்களின் பட்டியல் கடைக்காரருடையது அல்ல, கட்டடக்காரருடையது.

கணக்கை வைத்துக்கொள்வதானால், பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு மின்னஞ்சல் முகவரியாக எது கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ரெடிஃப்மெயில், யாஹூ காலத்து முகவரிகள் இன்னும் பலருடைய கணக்குகளில் இருக்கின்றன. பயன்படுத்தாத ஐடிகளை வேறொருவருக்கு வழங்கப்போவதாக யாஹூ 2013இல் அறிவித்துச் செய்தது. இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்குகளை நீக்கும் வழக்கத்தை 2023 டிசம்பரில் கூகுள் தொடங்கியது. திறவுகோல் இருக்கும் பெட்டி மறைந்தால் வீடும் போய்விடும்.

கைபேசி எண்ணுக்கும் இதே நிலைதான், இதில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் துக்க வீட்டில் இருப்பவர்கள். கணவர் இறந்து இரண்டு மாதத்தில், மாதக் கட்டணம் வீண் என்று அவருடைய எண்ணைத் துண்டித்த ஓர் அம்மையார், பிறகு அவருடைய படங்களுக்காக வந்தார். துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அவர் வந்த நாளில் அப்படியே ஆகியிருந்தது, ஓடிபி எல்லாம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஃபேஸ்புக்கில் தமக்குப் பின் கணக்கைக் கவனிக்க ஒருவரை உயிரோடு இருக்கும்போதே நியமிக்கலாம். கூகுளில் குறிப்பிட்ட மாதங்கள் கணக்கு அசையாமல் இருந்தால் யாருக்குத் தரவு போக வேண்டும் என்று எழுதி வைக்கலாம். இரண்டையும் அமைக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. அதுவும் செய்யாமல் விட்டுப்போன வீடுகளில், அவருடைய கணக்குகளை எல்லாம் எடுத்து முடிக்கும் வரை அந்த சிம்முக்கு மிகக் குறைந்த ரீசார்ஜையாவது போட்டு உயிரோடு வைத்திருங்கள்.