தாவர எண்ணெய் ஃபோமும் அதன் தொங்கும் வால்களும்

“தாவர எண்ணெயில் செய்த ஃபோம் மெத்தென்று இருக்கிறதே, சீக்கிரம் அமுங்கிப் போய்விடாதா?” என்று ஒரு வாசகர் கேட்கிறார். மென்மை வேறு, அமுங்கிப் போவது வேறு.

இந்த ஃபோம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். அது 1937-லேயே வந்துவிட்டது. ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் கொண்ட பாலியாலும், அந்தத் தொகுதிகளோடு வினைபுரியும் ஐசோசயனேட்டும் சேர்ந்து வலையாகப் பின்னிக்கொள்ளும். கலவையில் தண்ணீர் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி நுரைக்க வைக்கும். அவ்வளவுதான்.

பாலியாலின் இடத்தில் எண்ணெய் வரும்போதுதான் சுவாரசியம். ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலச் சங்கிலியில் பெரும்பாலும் 18 கார்பன்கள். ஹைட்ராக்சில் இருப்பது 12-வது கார்பனில். பிணைப்பு அங்கே விழுகிறது. மிச்சமுள்ள 6 கார்பன்கள்? எதையும் பிடிக்காமல் சும்மா தொங்குகின்றன, வலையில் வெட்டாமல் விட்ட நூல் முனை மாதிரி. சோயா எண்ணெயில் ஹைட்ராக்சிலே கிடையாது. இரட்டைப் பிணைப்புகளை எபாக்சைடாக்கி (ஆக்சிஜன் சேர்ந்த சிறு வளையமாக்கி), வளையத்தைத் திறந்துதான் உண்டாக்க வேண்டும். அதுவும் நடுச்சங்கிலியில்தான் அமைகிறது என்பதால் அங்கேயும் வால் உண்டு.

இந்த வால் பாரம் எதையும் தாங்காது. ஆனால் சும்மாவும் இருப்பதில்லை! பக்கத்துச் சங்கிலிகளை நெருங்கவிடாமல் தள்ளிவைத்து, அவை எளிதாக அசைய இடம் கொடுக்கிறது. விறைப்பு குறைகிறது, அதிர்வை விழுங்கும் தன்மை கூடுகிறது. இருக்கைக்கு நல்லது, சுவரில் வைக்கும் வெப்பக் காப்புப் பலகைக்குக் கெட்டது. பலகைக்கு வேண்டுமென்றால் கிளிசரால் (மூன்று ஹைட்ராக்சில் கொண்ட சிறு மூலக்கூறு) சேர்த்துச் சங்கிலிகளுக்கு இடையேயான குறுக்குப் பிணைப்புகளைக் கூட்டலாம். அல்லது ஓசோனால் இரட்டைப் பிணைப்பிலேயே வெட்டி, ஹைட்ராக்சிலைச் சங்கிலியின் நுனியில் அமைக்கலாம். வால் போய்விடும். அதே எண்ணெய்தான், ஃபோம் மட்டும் விறைப்பாக வரும்.

அழுத்தம் போன பிறகு பழைய உயரத்துக்குத் திரும்புவது பெரும்பாலும் வலையின் கண்ணிகளைப் பொறுத்தது. பின்னல் முழுமையாக முடிந்திருந்தால், வால் இருந்தாலும் ஃபோம் எழுந்துவிடும்.

அப்புறம் அடர்த்தி. திறந்த அறை ஃபோமில், அதாவது நுரையின் சிற்றறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் ஃபோமில், விறைப்பு ஏறக்குறைய அடர்த்தியின் வர்க்கத்தோடு மாறும்: அடர்த்தி பாதியானால் விறைப்பு கால்வாசி. அடர்த்தியைச் சொல்லாமல் ‘பெட்ரோலிய ஃபோமைவிட வலுவானது’ என்று விளம்பரம் செய்தால் நான் நம்பமாட்டேன். ‘முழுக்க இயற்கை’ என்பதையும்தான். ஐசோசயனேட் பெரும்பாலும் இன்னும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது.