வீடு தேடி வரும் பிரஷர், சுகர் மாத்திரை: யார், எப்படிப் பெறலாம்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை எப்போதுமே காசில்லாமல்தான் தருகிறார்கள். ஆனால் அதை வாங்கப் போய்வருவதற்குச் செலவு உண்டு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் வருமானம் போய்விடும். முழங்கால் வலியுள்ள பாட்டிக்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். இப்படி இரண்டு முறை தள்ளிப்போட்டால் மாத்திரையே நின்றுவிடும். பிரஷர் ஏறினாலும் பலருக்கு வெளியே தெரியாது. பக்கவாதம் வந்த பிறகுதான் வீட்டில் கவனிப்பார்கள்.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு இதைத் தொடங்கியது. பிரஷர், சுகர் போன்ற தொற்றா நோய்களைத் தடுக்கும் பணிக்காக 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் உங்கள் பகுதி மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண். பயிற்சி பெற்ற சுகாதாரத் தன்னார்வலர். பிரஷர் பார்ப்பார், விரலில் ஊசி குத்திச் சர்க்கரை அளவு பார்ப்பார், எழுதிக்கொள்வார். புதிதாக அளவு கூடியிருந்தால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் டாக்டர்தான். நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் சுகருக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் வீட்டுக்கே வரும்.

மாத்திரையோடு இது முடிவதில்லை. பக்கவாதத்தில் கை கால் முடங்கியவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி உண்டு. புற்றுநோய் முற்றிப் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும், புண் சுத்தம் செய்யும் செவிலியர் உதவியும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்து, வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் (ரத்தச் சுத்திகரிப்பு) செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளும் வீட்டுக்கு வரும். இவையெல்லாம் இருப்பது தெரியாமலேயே பல குடும்பங்கள் கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு அலைகின்றன. அதனால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லையா? பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள். நகரமென்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம். பழைய மருந்துச் சீட்டு கையில் இருந்தால் வேலை சுலபம். வருமானச் சான்று தேவையில்லை. இதுவரை தனியாரிடம் பார்த்தவர்களும் அரசு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு இதில் சேரலாம்.

பகலில் வேலைக்குப் போய்விடுகிற ஆண்கள்தான் இதில் அதிகம் விடுபடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் ஏற்பாடு 2024-இல் வந்தது. உங்கள் கம்பெனிக்கோ பட்டறைக்கோ இன்னும் யாரும் வராவிட்டால், அந்தப் பகுதி சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்.